பிலோமினா அக்கா வைத்த கையெழுத்து

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒருவர் தன் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். காணி வழக்குக்கு ஒரு சட்டத்தரணியைப் பிடித்திருக்கிறாராம். கட்டண ஒப்பந்தம் வட்சப்பில் வந்திருக்கிறது. "இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ கிளாக்கர் அண்ணை" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். கீழே பார்த்தால், மனுசன் ஏற்கனவே பெருவிரல் படம் ஒன்றை அனுப்பிச் சம்மதம் சொல்லி முடித்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தொலைபேசியைக் கிணற்றுக்குள் போட்டிருப்பேன். அது என்னுடையதில்லை என்பதால் தப்பியது.

இப்போது நீதிமன்றப் பக்கம் வேலை செய்கிற இளம் கிளாக்கர்மார் என்னைக் காணும்போதெல்லாம் பழைய கதைகளை எழுதச் சொல்லிக் கரைச்சல் தருகிறார்கள். சிரிப்புக் கதை எழுதுவேன் என்று நினைக்கிறார்கள் போல. அதுவும் என்னிடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெருவிரல் படத்தைக் கண்ட நாளிலிருந்து எனக்குப் பிலோமினா அக்காவின் நினைவுதான். அதை எழுதிவிட்டுத்தான் மற்றதை யோசிக்கவேண்டும்.

நான் கிளாக்கர் வேலை பழகியது வவுனியாவில், வயதுபோன ஒரு சட்டத்தரணியிடம். தட்டச்சு அடிப்பது, தவணைகளைக் குறித்து வைப்பது, பதிவேட்டு அறையில் பல்லைக் காட்டிக் கோப்பு எடுப்பது எல்லாம் அங்கே படித்த வித்தைகள். கட்டண ஒப்பந்தம் என்று ஒரு கடதாசியை அந்தக் காலத்தில் நான் கண்டதே இல்லை. கட்சிக்காரர் வருவார். எனக்காக இவர் மன்றில் தோன்றலாம் என்று அதிகாரம் கொடுக்கிற புறொக்சிப் படிவத்தில் கையெழுத்து வைப்பார். "நீங்கள் பாத்துச் செய்யுங்கோ ஐயா" என்று சொல்லிவிட்டுப் போவார். ஐயாவும் பார்த்துத்தான் செய்வார். யாருக்காகப் பார்த்தார் என்பது வழக்கு முடியும்போதுதான் தெரியவரும்.

பிறகு சண்டை, இடம்பெயர்வு, முள்ளுக்கம்பிக்குள் இருந்த முகாம். அதையெல்லாம் இங்கே நீட்டப்போவதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. முகாமில் எங்களுக்கு ஊறிப்போன பழக்கம் வரிசையில் நின்று கையெழுத்து வைப்பது. மாவுக்கு வைத்தோம், தறப்பாளுக்கு வைத்தோம், பதிவுக்கு வைத்தோம், அதே பதிவுக்குத் திரும்பவும் வைத்தோம். என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது கேட்டால் மேசையில் இருக்கிறவர் முறைப்பார், பின்னால் நிற்கிறவர் தள்ளுவார். பாதிக் கடதாசி சிங்களத்தில் வேறு. கையெழுத்து வைத்தால் ஏதாவது கிடைக்கும், வைக்காவிட்டால் பெயர் வெட்டுப்படும். எங்களுக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பிய பிறகும் தகரத்துக்கும் விதைநெல்லுக்கும் கோழிக்குஞ்சுக்கும் அதே வரிசை, அதே மேசை, நூலில் கட்டிய அதே பேனை. நானும் அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன். கிளாக்கர் உத்தியோகம் பார்த்தவன் என்ற நினைப்பே அப்போது இருக்கவில்லை.

மீளக்குடியேறிய பிறகு முல்லைத்தீவில் ஒரு பெண் சட்டத்தரணியிடம், எங்கள் மிஸ்ஸிடம், கிளாக்கராகச் சேர்ந்தேன். முள்ளியவளையிலிருந்து சைக்கிளில் போய்வருவேன், மழைக்கு மட்டும் பஸ். தலை முழுக்க நரைத்த பிறகும் அவர் எல்லாருக்கும் மிஸ்தான். பெரிய சத்தம் போடமாட்டார், சிரிக்கவும் மாட்டார். வெயிலில் வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்கவேண்டும், அது குடித்து முடியும்வரை வழக்கைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. நான் அவசரப்பட்டுக் கேட்டுவிட்டால் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை வரும். அதற்குப் பிறகு எனக்கு அன்று முழுக்கக் கதை வராது.

கட்டண விஷயத்தில் மிஸ்ஸைப் போல ஒரு ஆளை நான் கண்டதில்லை. முதல்நாள் வருகிறவரிடம் கையெழுத்து வாங்கவே மாட்டார். கதையைக் கேட்பார். வழக்கை எடுக்கலாம் என்றால் என்னைக் கூப்பிட்டு ஒப்பந்தத்தை அடிக்கச் சொல்வார். அதுவும் சட்டத் தமிழில் அடிக்கக்கூடாது, சந்தையில் கதைக்கிற தமிழில் அடிக்கவேண்டும். அவருடைய கட்டணம் ஒரு பக்கம், முத்திரை, நிலஅளவை, பயணம் போன்ற செலவுகள் இன்னொரு பக்கம். இரண்டையும் கலந்து எழுதிவிட்டால் கடதாசியைக் கிழித்து என் கையில் தருவார். "செலவு ஆரின்ரை தலையில எண்டு தெரியாமல் பீஸ் எவ்வளவு எண்டு தெரிஞ்சு என்ன பிரியோசனம்?" என்பார். பிறகு கட்சிக்காரர் அந்தக் கடதாசியை வீட்டுக்குக் கொண்டுபோய், வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிப்பித்துவிட்டு, இன்னொருநாள் வரவேண்டும்.

வந்த அன்று நான் அதை வரிவரியாகத் திரும்பவும் வாசிப்பேன். அப்போது மிஸ் தன் கதிரையிலிருந்து எழும்பி, கட்சிக்காரர் இருக்கிற நீள மரவாங்கிலேயே அவருக்குப் பக்கத்தில் வந்து இருப்பார். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருந்தால் எங்கள் சனம் எல்லாவற்றுக்கும் தலையாட்டும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. வாசித்து முடிந்ததும் பேனையைக் கொடுக்கமாட்டார். மூன்று கேள்வி கேட்பார். தோற்றால் நீங்கள் எனக்கு என்ன தரவேண்டும்? நடுவில் என்னைப் பிடிக்காமல் வேறு ஆளிடம் போனால் என்ன தரவேண்டும்? மற்றப் பக்கம் காசு தந்து வழக்கை முடிக்கக் கேட்டால், ஓம் என்று சொல்லுகிறது யார், நானா நீங்களா?

"நீங்கள் பாத்துச் செய்யுங்கோ மிஸ்" என்று பதில் வந்தால் போச்சு. பேனையை மூடிக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, அடுத்த கிழமை வாங்கோ என்பார். எத்தனை பேர் எழும்பிப் போனார்கள் தெரியுமா? மற்ற இடங்களில் பேனையைத் தருகிறார்கள், இங்கே சோதனை வைக்கிறார்கள் என்று பஸ்தரிப்பில் நின்று சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் எரிச்சல்தான். அலுவலக வாடகைக்குக் காசில்லாத மாதங்களில் இந்தச் சோதனை எதற்கு என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

ஒரே ஒருவர்தான் அந்தச் சோதனையில் மிஸ்ஸையே மடக்கியவர். ஹனீபா நானா என்று ஒரு வியாபாரி. வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது போய், இருபது வருசத்துக்கு மேல் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, தன் கடைக்காணியில் வேறொருவர் இருப்பதைக் கண்டு வழக்குக்கு வந்தவர். மூன்று கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, "இப்ப நான் ஒண்டு கேக்கிறன். அப்பீலுக்குப் போனால் அது இந்தக் காசுக்குள்ளையோ, வெளியாலையோ?" என்றார். மிஸ் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அப்படி ஒரு வரி அதுவரை எங்கள் ஒப்பந்தத்தில் இருக்கவில்லை. அன்றைக்குச் சேர்த்ததுதான், நான் ஓய்வுபெறும்வரை அந்த வரி எல்லா ஒப்பந்தத்திலும் இருந்தது. சாமான் வாங்கி விற்ற மனுசனுக்கு, வாங்கப்போவது என்ன என்று கேட்கத் தெரிந்திருந்தது. மற்றவர்களுக்கு அந்தப் பழக்கத்தை முகாமே முறித்துவிட்டது.

சரி, பிலோமினா அக்காவிடம் வருகிறேன்.

அவர் கடற்கரைப் பக்கத்து வேதக்கார ஆள், கிறிஸ்தவர். என்னைவிடச் சில வயது மூத்தவர். புருசன் கடலில் செத்தவர், சண்டை நாட்களில் இரண்டு பிள்ளைகள் செத்துப்போனார்கள். மிஞ்சியவன் கடைக்குட்டி அன்ரன். களப்பில் இறால் பிடித்து, விடியப்புறத்தில் பெட்டியை மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு பெருந்தெருவுக்குப் போவான், அங்கே லொறி வந்து நிற்கும். ஒருநாள் அவன் அந்தத் தெருவுக்குப் போய்ச் சேரவில்லை. மண் ஏற்றிவந்த டிப்பர் ஒன்று அடித்துவிட்டது. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

களப்பிலிருந்து வலையோடு வந்த இரண்டு பேர் நடந்ததைக் கண்டிருக்கிறார்கள். தெருவில் படுத்திருந்த மாட்டுக்கு விலத்திய டிப்பர், பெடியனின் பக்கத்துக்கு வந்து அவனை அடித்தது என்று இருவரும் சொன்னார்கள். ஆனால் ஊர்க் கதை வேறுமாதிரி ஓடியது. நித்திரைத் தூக்கத்தில் ஓடினானாம், குடித்திருந்தானாம். டிப்பர்காரனின் ஆட்கள் சொல்லிவிட்ட கதை என்பது எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் சொல்லச் சொல்ல அது ஒட்டிக்கொள்ளும். செத்தவன் எழும்பி வந்து இல்லை என்று சொல்லவா போகிறான்? கோயிலுக்குப் போனால் பின்னால் குசுகுசுப்பது கேட்கும் என்று அக்கா சொன்னார். புருசன் பிள்ளைகளில் யாரும் மிஞ்சாதவருக்கு அந்தப் பிள்ளையின் பெயர்தான் மிச்சம். "என்ரை பிள்ளை தன்ரை பக்கத்தாலைதான் போனவன் எண்டு ஒரு நீதவான் சொல்லோணும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்" என்பதுதான் எங்கள் வாங்கில் வந்து இருந்ததும் அவர் சொன்ன முதல் வசனம்.

ஆனால் எங்களிடம் வரும்போது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

நடந்தது இதுதான். விபத்தில் ஆட்களை இழந்த குடும்பங்களுக்கு நட்டஈடு எடுத்துத் தருகிறேன் என்று வெளி மாவட்டத்துச் சட்டத்தரணி ஒருவர் வான் வண்டியில் வந்திருக்கிறார். கோயில் மண்டபத்தில் மேசை போட்டு, ஒலிபெருக்கி பிடித்து, வென்றால் மட்டும் கட்டணம், தோற்றால் ஒரு சதமும் வேண்டாம் என்று அறிவித்திருக்கிறார்கள். மேசையைக் கண்டதும் சனம் வரிசை கட்டிவிட்டது. விபத்தே நடக்காத வீட்டுக்காரரும் அடையாள அட்டையோடு வந்து நின்றார்களாம், தகரம் கொடுக்கிறார்கள் என்று நினைத்து. கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, நானும் அப்படி நின்றவன்தான் என்பது அடுத்ததாக நினைவுக்கு வந்தது. பிலோமினா அக்காவும் நின்றார். தன் முறை வந்ததும் விரல் காட்டிய இடங்களில் கையெழுத்தை வைத்துவிட்டு, மாவுக்கும் தகரத்துக்கும் கேட்ட பழக்கத்தில், இனி எப்போது தருவீர்கள் என்று கேட்டாராம். அந்தச் சட்டத்தரணிக்கு அந்தக் கேள்வி விளங்கவே இல்லையாம்.

வழக்குப் போட்டார்கள். சில தவணை போனது. சாட்சிக்காரர் இருவரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள், கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள் அக்காவின் வீட்டுக்குக் காசோலை ஒன்றும் தீர்ப்பின் பிரதி ஒன்றும் வந்தன. சகோதரியின் மகள் வாசித்துக் காட்டியிருக்கிறாள். விபத்து இறந்தவரின் கவனயீனத்தாலேயே நேர்ந்தது என்று இரண்டு பக்கமும் ஏற்றுக்கொள்கின்றன, காப்புறுதிக் கொம்பனி மனிதாபிமான அடிப்படையில் இந்தத் தொகையைத் தருகிறது, வழக்கு சமரசமாக முடிந்தது. இப்படி இருந்தது அதில்.

மிஸ் அந்தப் பிரதியை ஒரு தரம் வாசித்தார். பிறகு அக்கா கையெழுத்து வைத்த கட்டண ஒப்பந்தத்தை எடுத்து ஆறுதலாக வாசித்தார். நான் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். எங்காவது ஒரு மோசடி இருக்கும், பிடித்து உலுப்பலாம் என்று எனக்கு ஆசை. மிஸ் கடதாசியைக் கீழே வைத்துவிட்டு, "இதில களவு ஒண்டும் இல்லை" என்றார். அவர் முகம் கறுத்திருந்தது.

உண்மைதான். எல்லாம் தமிழில், நேராகத்தான் எழுதியிருந்தது. கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு சட்டத்தரணிக்கு. செலவுகள் மிச்சத்திலிருந்து கழிக்கப்படும். நடுவில் விலகினால் அதுவரை செய்த வேலைக்குக் காசு. நாலாவது பந்தியில் ஒரு வரி: கட்சிக்காரரின் நலன் கருதி வழக்கை எந்த நிலையிலும் சமரசமாக முடிக்கச் சட்டத்தரணிக்குத் தற்றுணிபு உண்டு, அதாவது கேட்காமலே அவர் முடிவெடுக்கலாம். அந்த ஆள் அந்த வரியைத்தான் பாவித்திருக்கிறார். அவருடைய கணக்கில் அவர் நல்லது செய்திருக்கிறார். பல வருசம் இழுபடாமல் காசு எடுத்துக் கொடுத்திருக்கிறார், தன் பங்கையும் எடுத்திருக்கிறார்.

மிஸ் வாங்கில் இருந்தபடியே அக்காவுக்கு அதை விளங்கப்படுத்தினார். வென்றால்தான் காசு என்கிற ஒப்பந்தத்தில் வெற்றி என்பது காசுதான். காசு வந்தவுடன் சட்டத்தரணியின் வேலை முடிந்தது. நீங்கள் கேட்டது வேறு. அதை அந்தக் கடதாசியில் ஒரு இடத்திலும் எழுதவில்லை, முடிக்கிற உரிமையையும் அவரிடம் கொடுத்துவிட்டீர்கள். அக்கா தலையாட்டவில்லை, அழவும் இல்லை. "நான் குடுத்தனானோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் அக்கா. கையெழுத்து உங்கடைதானே."

அந்தச் சமரசத்தை நீக்கச் சொல்லி அதே நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் போடலாம் என்றார் மிஸ். இருப்பது ஒரே ஒரு வாசல், அந்த நாலாவது பந்தி விளங்காமல் கையெழுத்து வைத்தீர்கள் என்று மன்று ஏற்றுக்கொண்டால் மட்டும். ஏற்றுக்கொண்டால் காசோலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வழக்கை முதலிலிருந்து நடத்தவேண்டும். காசு என்றதும் நான் வாய் வைத்தேன், எனக்கு வாய் சும்மா இருக்காது. வீட்டுக் கூரை ஒழுகுகிறது, காசோலையைப் பாங்கில் போடுங்கோ அக்கா, ஊர்க் கதை நாலு மாதத்தில் அடங்கிவிடும் என்றேன். மிஸ் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அந்தக் காசோலையை அவர் கடைசிவரை பாங்குக்குக் கொண்டுபோகவில்லை என்று பிறகு அறிந்தேன்.

மிஸ்ஸோடு ஒப்பந்தம் செய்வதற்கும் அதே சட்டம்தான். கடதாசியை வீட்டுக்குக் கொண்டுபோனார், அடுத்த கிழமை வந்தார். நான் வாசித்தேன். மூன்று கேள்விக்கும் அவர் சொன்ன பதில் போல ஒரு பதிலை அந்த வாங்கில் நான் கேட்டதில்லை. தோற்றால் என்ன தரவேண்டும், விட்டுப் போனால் என்ன தரவேண்டும், எல்லாம் தெளிவாகச் சொன்னார். சமரசம் யார் கையில் என்றதற்கு, "என்ரை கையில. நான் ஓம் எண்டு சொல்லமாட்டன்" என்றார். மிஸ் பேனையைக் கொடுத்தார். அக்கா அதை வாங்கி, கடதாசியை முதல் பக்கத்துக்குத் திருப்பி, எழுத்துக்கூட்டித் திரும்பவும் ஒரு தரம் வாசித்துவிட்டுத்தான் வைத்தார். இந்தக் கவனம் அந்த மண்டபத்தில் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே கையெழுத்துக்குக் கீழே திகதியை எழுதினேன்.

விண்ணப்பத்தோடு போடும் சத்தியக்கடதாசியை நான்தான் அடித்தேன். கையெழுத்து வைக்கும்போது அந்தப் பந்தி எனக்கு விளங்கியிருக்கவில்லை என்று அதில் இருந்தது. உண்மைதான், விளங்கியிருக்கவில்லை. மண்டபத்தில் அவர்கள் அதை வாசித்தார்களா என்று மிஸ் கேட்டார். ஏதோ வாசித்தார்கள், சரியாகக் கவனிக்கவில்லை என்றார் அக்கா. மிஸ் சத்தியக்கடதாசியைத் திரும்பவும் வாசித்தார். "கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கோ" என்றார். இப்படிச் சொல் என்று சாட்சிக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தது அவர் வாழ்க்கையில் கிடையாது. அன்றைக்கு மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்று நான் இன்றுவரை நினைக்கிறேன், எவர் என்ன நினைத்தாலும் சரி.

விசாரணை நாளில் அக்கா வெள்ளைச் சீலை கட்டிக்கொண்டு வந்தார். வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தார். மிஸ் கேட்ட கேள்விகளுக்கு ஒழுங்காகச் சொன்னார். மண்டபம், வரிசை, மேசை, விரல் காட்டிய இடங்கள். அந்தப் பந்தி தெரிந்திருந்தால் கையெழுத்து வைத்திருப்பீர்களா என்றபோது, வைத்திருக்கமாட்டேன் என்றார். நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

காப்புறுதிக் கொம்பனியின் சட்டத்தரணி எழும்பினார். நல்ல மரியாதையான மனிதர், சத்தம் போடுகிறவர் இல்லை. அந்த ஒப்பந்தம் அன்றைக்கு வாசிக்கப்பட்டதா என்று கேட்டார். ஓம் என்றார் அக்கா. எந்த மொழியில்? தமிழில். சத்தமாகவா? மைக்கில் வாசித்தார்கள். இது உங்கள் கையெழுத்தா? ஓம். அவ்வளவுதான், அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

அப்போது நீதிபதி பேனையைக் கீழே வைத்தார். அவரும் எங்கள் பக்கத்து மனுசன், சனத்தின் நிலைமை தெரிந்தவர். அக்காவை நேராகப் பார்த்து, "அம்மா, அவர்கள் வாசித்தார்கள், சரி. வாசித்தபோது உங்களுக்கு அது விளங்கவில்லை, அப்படித்தானே?" என்று கேட்டார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிற கேள்வி அது. விளங்கவில்லை ஐயா என்று ஒரு வார்த்தை காணும். எங்கள் வழக்கு முழுக்க அந்த ஒரு வார்த்தையில்தான் தொங்கியது. நான் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிலோமினா அக்கா நிமிர்ந்து நீதிபதியைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"நான் கேக்கேல்லை ஐயா. வரிசையில என்ரை இடம் போயிடும் எண்டு முன்னுக்கு நிண்டவளின்ரை முதுகைப் பாத்துக்கொண்டு நிண்டனான். கேட்டிருந்தால் விளங்கியிருக்கும்."

நீதிபதி பேனையை எடுத்து அதை எழுதினார். மிஸ் எழும்பவில்லை. மறு விசாரணையில் கேட்க ஏதும் உண்டா என்று நீதிபதி கேட்டதற்கும் இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார்.

வெளியில் வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. வேப்பமரத்தடியில் வைத்து அக்காவைப் பிடித்துக்கொண்டேன். விளங்கவில்லை என்று சொல்வதில் என்ன குறை, அதுவும் முழுப் பொய் இல்லையே, அந்த வரிசையில் நின்ற ஒருவருக்கும்தான் விளங்கவில்லையே என்று கத்தினேன். வழியில் போன பொலிஸ்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அக்கா என் கையைப் பிடித்து மெல்லமாக இறக்கினார்.

"தம்பி, என்ரை பிள்ளையைப் பற்றிப் பொய் எழுதிப்போட்டினம் எண்டுதானே இஞ்சை வந்தனான். அதை அழிக்க நானும் வேதத்தில கை வைச்சு ஒரு பொய் சொல்லுறதோ?"

அவருக்குப் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

கட்டளை சொல்ல அடுத்த தவணை வைத்தார்கள். அன்றைக்கும் அதே வெள்ளைச் சீலையில் வந்தார். சாட்சிக்காரர் இருவரும்கூட வந்து பின்வாங்கில் இருந்தார்கள், யாரும் அவர்களைக் கூப்பிட்டிருக்கவில்லை. நீதிபதி எழுதிவந்ததை வாசித்தார். நீளமான கட்டளை. விண்ணப்பம் தள்ளுபடி. ஒப்பந்தம் செல்லும், சமரசம் செல்லும், வழக்கு முடிந்தது முடிந்ததுதான்.

மிஸ் அக்காவை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய் மேன்முறையீட்டைப் பற்றிச் சொன்னார். அங்கே அந்தச் சாட்சிக்காரரைக் கேட்பார்களா என்று அக்கா கேட்டார். கேட்கமாட்டார்கள், இந்தக் கடதாசிகளைத்தான் பார்ப்பார்கள் என்றார் மிஸ். வேண்டாம் மிஸ் என்று சொல்லிவிட்டு அக்கா என்னிடம் வந்தார். என் கையில் இருந்த குறிப்பைக் காட்டி, ஐயா வாசிக்கும்போது என்னைப் பற்றி ஏதோ சொன்னாரே, அது என்ன என்று கேட்டார். இந்தமுறை ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார்.

நான் குறித்து வைத்ததைப் பார்த்து வாசித்தேன். மனுதாரர் உண்மையே பேசுகின்ற சாட்சி என்பதில் இந்த மன்றுக்கு எள்ளளவும் ஐயமில்லை. அவருடைய உண்மையான சாட்சியத்தின் அடிப்படையிலேயே இந்த விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படுகிறது.

"விளங்கேல்லைத் தம்பி."

"நீங்கள் பொய் சொல்லாத ஆள் எண்டு கோர்ட்டே எழுதியிருக்குது அக்கா. அது இனி எப்பவும் அந்தக் கோப்பில இருக்கும்."

அவர் அந்தக் கடதாசியை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார்.

"அப்ப அன்ரனைப் பற்றி?"

"அது முந்தி எழுதினபடிதான் அக்கா" என்றேன்.